இழுத்துப் போட்டால் போதுமா?

வண்ண பிளாக்குகள் வந்ததும் நிரல் எழுதுவதில் இருந்த கஷ்டம் தீர்ந்துவிட்டது என்ற கருத்து இன்று கணினிக் கல்வியில் ஏறத்தாழ எல்லோராலும் ஏற்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் எழுத்துப்பிழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பிளாக்கை இழுத்து இன்னொன்றின் கீழே போட்டால் போதும். மென்பொருளை நிறுவுவது, புதுப்பிப்பது, ஒரு கணினியில் செய்ததை இன்னொரு கணினியில் ஓட வைப்பது எல்லாம் லேபைக் கவனிப்பவரின் பொறுப்பு. பாடத்திட்டம் வகுப்பவர்களும் ஆசிரியர் பயிற்சி நடத்துபவர்களும் கொச்சி காக்கநாட்டிலும் சென்னை ஓ.எம்.ஆரிலும் மென்பொருள் எழுதுபவர்களும் இப்படித்தான் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எளிமை முன்கட்டு, மற்றதெல்லாம் பின்கட்டு.

இந்தப் பிரிவினை தவறு. தவறு என்பதோடு, அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

எந்த நிரலும் தனியாக ஓடுவதில்லை. அதற்கு அடியில் ஒரு நூலகம், அந்த நூலகத்துக்கு அடியில் இன்னொன்று, அதற்கும் கீழே இயங்குதளம் என்று ஒன்றை ஒன்று நம்பி நிற்கின்றன. இந்த நம்பியிருத்தலைத் தொழிலில் இருப்பவர்கள் டிபெண்டன்சி என்பார்கள். தமிழில் சார்பு எனலாம். எழுத்தால் நிரல் எழுதுபவருக்குச் சார்புகள் கண்ணில் படும். பைத்தான் கோப்பின் முதல் வரிகளிலேயே எந்தெந்த நூலகம் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஒன்று இல்லாவிட்டால் அதன் பெயரைச் சொல்லி நிரல் நிற்கும். பிளாக்கில் அந்த வரிகள் கிடையாது. நீல பிளாக்கும் பச்சை பிளாக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்று மென்பொருளோடு கூடவே வந்தது, மற்றொன்று கடல் கடந்த ஒரு சர்வரை நம்பியிருப்பது என்ற வேறுபாடு திரையில் இல்லை. எளிமைக்காகச் சார்பை மறைத்த கருவியில், சார்பு அறுந்தால் பயனருக்குத் துப்புத் துலக்க ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அதனால்தான் எழுத்து நிரலாக்கத்தைவிட பிளாக் நிரலாக்கத்துக்குத்தான் சார்பைக் கையாளும் ஒழுங்கு அதிகம் வேண்டும்.

முகப்பு மட்டும் இருந்து, பின்னால் வர வேண்டியது வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொச்சி வைட்டிலா சந்திப்பில் நேரில் பார்க்க முடிந்தது. அங்கே பேருந்து நிலையம், மெட்ரோ ரயில், படகுத்துறை மூன்றும் ஒரே வளாகத்தில் சேர்கின்றன. வைட்டிலா – காக்கநாடு வாட்டர் மெட்ரோ வழித்தடம் 2021 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. பயணிகளை ஏற்றிக்கொண்டு படகு ஓடியது 2023 ஏப்ரல் இறுதியில். இடைப்பட்ட 2 ஆண்டுகளுக்கு மேல் துறை இருந்தது, பலகை இருந்தது, பயணம் இல்லை. காக்கநாட்டுக்குப் போக வேண்டியவருக்குத் துறையின் கட்டட அழகு எந்த வகையிலும் உதவாது. பிளாக்கும் அப்படித்தான். அது எவ்வளவு தெளிவான நிறத்தில் இருந்தாலும், அதன் பின்னால் வர வேண்டியது வராவிட்டால் பயனருக்கு அது வெறும் படம்.

இந்தச் சிக்கல் எப்போதாவது வருவது, லேபில் இருப்பவர் சரிசெய்துவிடுவார் என்பது மறுப்பவர்களின் முதல் வாதம். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பிளாக் மென்பொருளான ஸ்க்ராட்சின் வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. எம்.ஐ.டி. மீடியா லேப் 2007 இல் வெளியிட்ட முதல் ஸ்க்ராட்ச், ஸ்குவீக் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. லினக்ஸ் கணினிகளில் அதன் 1.4 பதிப்பு சிரமமின்றி ஓடியது. 2013 மே மாதம் வந்த 2.0 ஃபிளாஷுக்கு மாறியது. இணையம் இல்லாமல் ஓட்டுவதற்கு அடோபியின் ஏர் மென்பொருள் வேண்டும். அடோபியோ லினக்ஸுக்கான ஏரை 2011 இலேயே 2.6 பதிப்போடு கைவிட்டிருந்தது. 2019 ஜனவரி 2 அன்று வந்த 3.0 ஃபிளாஷை விட்டு விலகியது. ஃபிளாஷின் ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 3.0 இன் டெஸ்க்டாப் செயலி விண்டோஸுக்கும் மேக்குக்கும் குரோம் ஓ.எஸ்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அதிகாரபூர்வமாக வந்தது, லினக்ஸுக்கு வரவில்லை. மூலநிரல் திறந்திருப்பதால் தன்னார்வலர்கள் லினக்ஸுக்கு ஏற்றபடி அதைக் கட்டித் தருகிறார்கள்.

12 ஆண்டுகளில் அடித்தளம் இரண்டு முறை மாறியிருக்கிறது. ஸ்க்ராட்சின் அடையாளமாகத் திரையில் இருக்கும் பூனை மட்டும் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

இது கேரளத்துக்கு வெறும் வரலாறு அல்ல. அங்கே 2001 இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017 இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிக் கணினிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் லினக்ஸ் தொகுப்பை நிறுவுவதால் 3,000 கோடி ரூபாய் உரிமச் செலவு மிச்சம் என்று 2019 இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் பள்ளிக்கல்வியில் இவ்வளவு துணிந்து இறங்கவில்லை. ஆனால் இத்தனை பெரிய லினக்ஸ் வகுப்பறைக்கு, பக்கத்து வீட்டு விண்டோஸ் கணினியில் இயல்பாகக் கிடைக்கும் பிளாக் வசதிகள் சில அப்படியே கிடைப்பதில்லை. மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையை ஸ்க்ராட்சோடு இணைக்க ஸ்க்ராட்ச் லிங்க் என்ற துணை மென்பொருள் வேண்டும். அதன் அதிகாரபூர்வ வடிவம் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். லினக்ஸ் கணினியிலும் மைக்ரோபிட்டுக்கான நீட்சியின், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் தொகுதியின், பிளாக்குகள் அதே நிறத்தோடு வரிசையாக வந்து நிற்கும். பலகை மட்டும் இணையாது. தான் எங்கே தவறு செய்தோம் என்று பிள்ளை தன் நிரலில் தேடும். தவறு அங்கே இல்லை.

“எல்லாம் பிரவுசரில் வந்துவிட்டது, இனி நிறுவ வேண்டியதே இல்லை” என்பது இரண்டாவது வாதம். இதுதான் இன்று அதிகம் செல்வாக்கு உள்ளது. பிரவுசர் சார்பை ஒழிக்கவில்லை. அதைப் பயனரின் கையிலிருந்து எடுத்து வேறொருவர் கையில் கொடுத்தது. 2010 ஜூலையில் கூகுள் அறிமுகப்படுத்திய ஆப் இன்வென்டரை நினைத்துப் பார்க்கலாம். பிளாக்குகளைக் கோத்து ஆண்ட்ராய்டு செயலி செய்யும் அருமையான கருவி அது. 2011 இறுதியில் கூகுள் அதை மூடியது. 2012 மார்ச்சில் எம்.ஐ.டி. அதைத் தன் பொறுப்பில் மறுபடி திறந்தது. இடையில் பயனர்கள் தங்கள் திட்டங்களைத் தாங்களே இறக்கிப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. மூலநிரல் திறந்து விடப்பட்டிருக்காவிட்டால் கேரளத்தில் 2018 இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களில் ஆப் இன்வென்டர் பாடமே இருந்திருக்காது.

இன்னொன்று மொழி. ஸ்க்ராட்சில் எழுத்தைப் பேச்சாக்கும் நீட்சி ஒன்று உண்டு. எழுதியதைப் பூனை குரலில் சொல்லும். சிறு பிள்ளைகளுக்கு அதைவிடக் குதூகலமான பிளாக் வேறில்லை. அந்தக் குரல் கணினியில் உருவாவதில்லை. அமேசானின் பாலி என்ற இணையச் சேவையிலிருந்து வருகிறது. இணையம் போனால் குரல் போகும். அதைவிட முக்கியம், பாலியில் இந்தி உண்டு, தமிழ் இல்லை, மலையாளம் இல்லை. ஆகவே ஸ்க்ராட்சின் பூனையும் தமிழில் பேசாது. எந்தக் குழந்தை தன் தாய்மொழியில் நிரலைப் பேச வைக்க முடியும் என்பதை ஒரு நிறுவனத்தின் வணிகப் பட்டியல் முடிவு செய்கிறது. ஈஸ்பீக் என்ஜி என்ற கட்டற்ற மென்பொருள் தமிழிலும் மலையாளத்திலும் இணையம் இல்லாமலே பேசும். அதன் குரல் இயந்திரத்தனமானதுதான், ஆனாலும் பேசும். பிளாக்கின் அடியில் எந்தச் சேவை இருக்கிறது என்பது வெளிப்படையாக இருந்து, அதை மாற்றிக்கொள்ள வழியும் இருந்தால், ஒரு மாநில அரசே ஈஸ்பீக்கை அங்கே பொருத்தலாம். இதை டெக்னீஷியன் வேலை என்று ஒதுக்குபவர்கள் மொழியுரிமை சார்ந்த ஒரு கேள்வியையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்.

வன்பொருள் வந்து சேரும்போது சங்கிலி இன்னும் நீள்கிறது. 2025 ஜூனில் கேரளம் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபாட்டிக்ஸைப் பாடமாக்கியது. ஏறத்தாழ 4.3 லட்சம் மாணவர்கள். பள்ளிகளுக்கு 29,000 ரோபாட்டிக் கிட்டுகள். ஆர்டுயினோ பலகை, சென்சார், சர்வோ மோட்டார் எல்லாம் அதில் உண்டு. முகத்தை அடையாளம் கண்டு தானே திறக்கும் கதவு செய்வது பாடத்தின் ஒரு செயல்பாடு. பாராட்ட வேண்டிய முயற்சி இது. ஆனால் அந்தக் கதவு திறக்க எத்தனை சரியாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கேமராவை இயங்குதளம் அடையாளம் காண வேண்டும், முகம் காணும் மாதிரி இருக்க வேண்டும், பலகையில் பொருத்தமான ஃபர்ம்வேர் ஏறியிருக்க வேண்டும், யு.எஸ்.பி. வழியாகப் பேச, லினக்ஸில் அந்தப் பயனருக்கு அனுமதி இருக்க வேண்டும்.

இதில் எங்கே அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பலகை இணையவில்லை. உபுண்டு 22.04 வந்தபோது உலகெங்கும் பலர் இப்படித் தவித்தார்கள். விலை மலிவான ஆர்டுயினோ பலகைகளில் யு.எஸ்.பி.க்காக சி.எச்.340 என்ற சிப் இருக்கும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைக் கருவி ஒன்றும் அதே அடையாள எண்ணைப் பயன்படுத்துகிறது. பிரெய்ல் கருவிகளுக்கான பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற மென்பொருள், ஆர்டுயினோவைச் செருகியதும் அதைப் பிரெய்ல் கருவி என்று எண்ணித் தன்வசம் எடுத்துக்கொண்டது. பலகை பட்டியலில் ஒரு நொடி தோன்றி மறைந்தது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட இரண்டு மென்பொருள்கள் மோதியதில், மூன்றாவதாக நின்றவரின் நிரல் ஓடவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு, பலகையே பழுது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. “இந்தப் பலகையை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது” என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால் போதும். அந்த வரியை எழுதுவது எளிமையைச் சேர்ந்த வேலையா, சார்பைச் சேர்ந்த வேலையா? இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான்.

பகிர்வுக்கு வந்தால் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. பிளாக் நிரலாக்கத்தின் பெருமையே ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். ஸ்க்ராட்ச் பழைய பதிப்புக் கோப்புகளைப் புதியதில் திறந்து காட்டுகிறது. அந்தக் குழுவின் அக்கறைக்கு அது சான்று. ஆனால் வீட்டில் 3.0 இல் செய்த வேலையைப் பழைய பதிப்பு இருக்கும் லேபுக்குக் கொண்டுவந்தால் திறக்காது. பிள்ளை தானே உருவாக்கிய பிளாக், நிரலில் நடமாடும் ஒரு பாத்திரத்துக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. அதை வேறு திட்டத்துக்கு எடுத்துச் செல்ல உதவும் ‘பேக்பேக்’ இணையத்தில் கணக்கு வைத்து நுழைந்தவருக்குத்தான் கிடைக்கும். இணையம் இல்லாத பள்ளியில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பொது நூலகம் ஒன்றை வளர்க்க நினைத்தால், ஒவ்வொருவரும் மற்றவரின் பாத்திரத்தைக் கோப்பாகச் சேமித்துக் கையால் நகலெடுக்க வேண்டும். ஒரு பிளாக்கில் பிழை திருத்தினால் பத்து நகலிலும் திருத்த வேண்டும்.

மூன்றாவது வாதம், இது விளையாட்டுப் பொருள், பிள்ளைகள் சீக்கிரமே பைத்தானுக்குப் போய்விடுவார்கள், இதில் இவ்வளவு கறாராக இருப்பானேன் என்பது. படத்தால் எழுதும் நிரல் சிறுவர்களோடு நின்றுவிடுவதில்லை. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986 இல் வெளியிட்ட லேப்வியூ, பொறியியல் ஆய்வகங்களில் அளவீட்டுக்கும் சோதனைக்கும் இன்றுவரை ஓடுகிறது. அங்கே உள்ளே அழைக்கப்படும் ஒரு துணை நிரல் காணாவிட்டால் மென்பொருள் அதன் பெயரைச் சொல்லித் தேடும். கிடைக்காவிட்டால், ஓட்டும் அம்புக்குறியே உடைந்ததாகக் காட்டும். அதை அழுத்தினால் எங்கெங்கே குறை என்று பட்டியல் வரும். பொறியாளருக்குச் செய்த இந்த மரியாதையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு மறுக்க என்ன நியாயம்?

சரியாகச் செய்பவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். மைக்ரோபிட்டுக்கான மைக்ரோசாஃப்டின் மேக்கோட், ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு சிறு கோப்பை வைக்கிறது. எந்த நீட்சி வேண்டும், வெளியிலிருந்து வந்த நீட்சியானால் எந்தப் பதிப்பு என்று அதில் எழுதியிருக்கும். ரேடியோ நீட்சியும் புளூடூத் நீட்சியும் ஒன்றாக ஓட முடியாது. ஒன்று இருக்கும்போது மற்றொன்றைச் சேர்த்தால், இரண்டும் ஒத்துப்போகாது, பழையதை எடுத்துவிடலாமா என்று மேக்கோட் அப்போதே கேட்கிறது. ஆப் இன்வென்டர், வெளியிலிருந்து சேர்த்த நீட்சியைத் திட்டக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. வாங்குபவர் தனியாகத் தேட வேண்டியதில்லை.

நோட்-ரெட் இன்னும் நல்ல பாடம். ஐ.பி.எம்.மில் 2013 இல் பிறந்த இந்தக் கருவி, சென்சார்களையும் இணையச் சேவைகளையும் கோடிழுத்து இணைக்கிறது, தொழிற்சாலைகளிலும் பயன்படுகிறது. பிறர் பகிர்ந்த ஓட்டம் (ஃபுளோ) ஒன்றை எடுத்துப் போட்டு, அதற்கு வேண்டிய முனை (நோட்) நம்மிடம் இல்லாவிட்டால், அந்த முனையை அது அழித்துவிடாது. ‘அறியாதது’ என்று குறித்து, புள்ளிக்கோட்டுப் பெட்டியாக அதே இடத்தில் வைக்கும். வகைகள் காணவில்லை என்று சொல்லி ஓட்டத்தை நிறுத்தும். பல ஆண்டுகள் இதோடு நின்றது; எந்தத் தொகுப்பில் அந்த முனை இருக்கிறது என்று பயனரே தேட வேண்டியிருந்தது. 2025 இல் வந்த 4.1 பதிப்பில், ஏற்றுமதி செய்யும்போதே தேவையான தொகுப்புகளின் விவரம் கூடவே செல்கிறது. வாங்குபவருக்கு அவற்றை நிறுவிக்கொள்ள வழி காட்டப்படுகிறது. நிறமோ வடிவமோ மாறவில்லை. சார்பைச் சொல்லும் முறை மாறியது, கருவி எளிதாகியது.

சார்பை முழுக்கக் காட்டினால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் கஷ்டத்தை மறைப்பதும் உண்மையை மறைப்பதும் ஒன்றல்ல. “இந்த பிளாக்குக்கு இணையம் வேண்டும்” என்ற நான்கு சொல் எந்தக் குழந்தையையும் மிரட்டாது. காரணமே தெரியாமல் ஓடாமல் நிற்கும் நிரல்தான், தனக்குக் கணினி வராது என்ற முடிவுக்குப் பிள்ளையைத் தள்ளும்.

பதிப்பைப் பூட்டி வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது என்று பொறியாளர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு. ஆனால் எதை நம்பியிருக்கிறோம் என்ற பட்டியல் இல்லாவிட்டால் எதைத் திருத்துவது என்பதே தெரியாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை இருப்பது வெளியானபோது, பெரிய நிறுவனங்களே முதலில் செய்ய வேண்டியிருந்தது அந்த நூலகம் தங்களிடம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான்.

இவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் ஊதியமில்லாத தன்னார்வலர்கள், அவர்கள் தலையில் இன்னும் சுமையா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் வலுவானது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்தபோது உலகின் பெரிய திட்டங்கள் பல கட்டமைக்க முடியாமல் நின்றன. ஒரு தனி மனிதரின் ஓய்வு நேரத்தின் மேல் எவ்வளவு எடை ஏற்றியிருந்தார்கள் என்று அன்று தெரிந்தது. இங்கே வைக்கும் கோரிக்கை அந்தத் தன்னார்வலர்களிடம் அல்ல. உரிமச் செலவில் ஆயிரக்கணக்கான கோடி மிச்சப்படுத்தும் அரசுகளிடம். அந்த மிச்சத்தில் மிகச் சிறிய பங்கு, லினக்ஸுக்கான ஸ்க்ராட்சையும் வன்பொருள் இணைப்பையும் முழுநேரமாகப் பராமரிக்கும் பொறியாளர்களுக்குப் போகலாம். அவர்கள் செய்யும் திருத்தம் மூலத் திட்டத்துக்கே திரும்பிப் போகும்.

கைட் அமைப்புக்கு இதில் வேறு யாருக்கும் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் அதன் ஒரே தொகுப்பு. என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு என்பதை அது முன்கூட்டியே அறியும். ஆகவே ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) பாடநூலின் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் வேண்டிய நீட்சி, மாதிரி, ஃபர்ம்வேர் ஆகியவற்றின் பட்டியலைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் கொடுத்து, பாடத்தைத் திறந்ததும் தொகுப்பே சரிபார்த்துக் குறையைச் சொல்லும்படி செய்ய முடியும். பிள்ளைகள் செய்யும் பிளாக்குகளுக்கு இணையம் இல்லாமலே இயங்கும் பொது நூலகம் ஒன்றைப் பள்ளிக்குள் அமைக்க முடியும்; ஒரு பிளாக்கை எடுத்தால் அது நம்பியிருக்கும் பிளாக்குகளும் கூடவே வரும்படி. அந்தப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று 4 மொழிகளில் வருகிறது. பிழைச் செய்தியும் அந்த 4 மொழிகளில் வர வேண்டும். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் மாணவர், பாடத்தைத் தமிழில் படித்துவிட்டு, நிரல் நிற்கும் தருணத்தில் மட்டும் ஆங்கிலத்தில் தவிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் ‘காட்சித் தொடர்பு’ அலகு ஸ்க்ராட்சை அறிமுகப்படுத்துகிறது: மேடை, பாத்திரம், பிளாக்குகளைக் கோக்கும் பகுதி எல்லாம் அதில் உண்டு. அடுத்த முறை அந்த அலகைத் திருத்தும் குழு, ஒரு பக்கம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். கோப்பைச் சேமிப்பது, வேறு பதிப்பில் திறப்பது, ஒரு நீட்சிக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது, ஓடாவிட்டால் தன் பிழையையும் கருவியின் குறையையும் பிரித்தறிவது ஆகியவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். தேர்விலும் அதிலிருந்து ஒரு கேள்வி வர வேண்டும்.